மாநில லீக்கில் முதலிடம் வந்த கிளப் மேலே போகாதது ஏன்?

செந்தூல்_11 | கோலாலம்பூர் | வெள்ளி, இரவு 10.15

வணக்கம். என் அக்கா மகன் ஆடுகிற கிளப் இந்த வருஷம் அவர்களுடைய பிரிவில் முதலிடம் வந்தது. கடைசி ஆட்டம் முடிந்ததும் பையன்கள் திடலிலேயே கட்டிப்பிடித்து அழுதார்கள். எல்லாரும் இருபது, இருபத்திரண்டு வயது. பாதிப் பேர் பகல் முழுக்க சாப்பாடு டெலிவரி செய்துவிட்டு இரவு எட்டரைக்குப் பயிற்சிக்கு வருகிறவர்கள்.

இரண்டு வாரம் கழித்து நிர்வாகக் குழு கூடியது. தேசிய லீக்குக்கு மனு போட வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருப்போம் என்று முடிவாகிவிட்டது. பையன் என்னிடம் வந்து, "மாமா, முதலிடம் வந்தால் மேலே போவதற்குத்தானே லீக் ஆடுகிறோம்?" என்று கேட்டான்.

1987, 88, 89 மூன்று வருஷமும் கோலாலம்பூர் மலேசியக் கிண்ணத்தை வென்ற காலத்து ரசிகன் நான். மூன்று இறுதியாட்டத்திலும் எதிரணி கெடாதான். இன்றைக்கும் அந்த ஆட்டங்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன். ஆனால் அந்த உயரத்துக்கும் செந்தூலில் விளக்கு பாதி எரியாத ஒரு திடலுக்கும் நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன, யார் எப்படி ஏறுகிறார்கள் என்று அவனுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பிரிக்பீல்ட்ஸ்_கணக்கர் | கோலாலம்பூர் | வெள்ளி, இரவு 11.02

அண்ணா, நான் ஒரு சின்ன கிளப்புக்கு ஆறு வருஷமாகப் பொருளாளர். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2019-இல் ஒரு புதுக் கட்டமைப்பு வந்தது. மேலே சூப்பர் லீக், அடுத்து பிரிமியர் லீக், இவை இரண்டும் தொழில்முறை. அதற்குக் கீழே எம்3, நாடு முழுவதும் ஆடும் அமெச்சூர் லீக். எம்4 என்பது மாநில லீக், ஒவ்வொரு மாநிலச் சங்கமும் நடத்தும். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் என்றாலும் காற்பந்தில் அதுவும் ஒரு மாநிலம் மாதிரிதான். எம்5 மாவட்ட லீக், வட்டார லீக். எம்3-க்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது எஃப்ஏஎம் (மலேசியக் காற்பந்துச் சங்கம்) லீக்.

2022 சீசனோடு பிரிமியர் லீக்கை மூடிவிட்டார்கள். அதாவது ஏணியில் இரண்டாவது படியையே கழற்றிவிட்டார்கள். இப்போது சூப்பர் லீக்குக்கு அடுத்ததாக ஏ1 செமி-ப்ரோ லீக் வந்திருக்கிறது. பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் திடலில் எல்லாரும் இன்னும் எம்3, எம்4 என்றுதான் சொல்கிறார்கள்.

உங்கள் மருமகனின் கேள்விக்கு நேரான பதில் இது. மாநில லீக்கில் முதலிடம் வந்தால் மேலே போக உரிமை கிடைப்பதில்லை, மேலே போகக் கேட்பதற்கு உரிமை கிடைக்கிறது. அப்புறம் மாநிலச் சங்கத்தின் ஒப்புதல், நுழைவுக் கட்டணம், சான்றிதழ் உள்ள பயிற்சியாளர், தகுதியான திடல், கணக்கு வழக்கு என்று ஒரு கோப்பு கேட்பார்கள். பையன்கள் பந்தை வலைக்குள் போட்டுவிட்டார்கள். கோப்பைத் தயார் செய்ய உங்கள் குழுவில் ஆள் இருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

---

ஜெலுத்தோங்_88 | பினாங்கு | வெள்ளி, இரவு 11.40

பிரிமியர் லீக்கை மூடியது தப்பு என்று நான் அப்போதே சொன்னேன். ஆனால் அது மூடுவதற்கு முன்பே நோயாளி ஆகிவிட்டது. 2022-இல் அதில் 10 அணிகள். அதில் ஜேடிடி (ஜொகூர் டாருல் தாக்சிம்), சிலாங்கூர், திரங்கானு மூன்றின் இரண்டாம் அணிகள், கூடவே எஃப்ஏஎம் - தேசிய விளையாட்டு மன்ற இளைஞர் திட்ட அணி. இந்த நான்கும் மேலே போக முடியாத அணிகள். 10-இல் 4 அணி ஏற முடியாது என்றால் அதை ஏணி என்று எப்படிச் சொல்வது?

அடுத்த வருஷம் மீதியிருந்த கிளந்தான், கூச்சிங் சிட்டி, கிளந்தான் யுனைடெட், காவல்துறை, பேரா ஐந்தும் சூப்பர் லீக்குக்குப் போயின. பல்கலைக்கழக அணியான யுஐடிஎம் வெளியேறியது. மேலே இருந்த மலாக்கா, சரவாக் யுனைடெட், பெட்டாலிங் ஜெயா சிட்டி மூன்றும் இல்லாமல் போயின. கூட்டிக் கழித்தால் 14 அணி. 18 அணி லீக் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

---

செந்தூல்_11 | சனி, காலை 7.20

நன்றி தம்பி. மேலே போகக் கேட்பதற்கு உரிமை என்று கணக்கர் சொன்னதை அக்கா மகனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

இன்னொரு கேள்வி. பணம்தான் காரணம் என்றால் எந்தப் பணம்? எங்கள் கிளப் வருஷம் முழுக்க ஜெர்சி, பந்து, திடல் வாடகை, நடுவர் கட்டணம் எல்லாம் எப்படியோ சமாளிக்கிறது. ஒரு படி மேலே போனால் அப்படி என்ன மாறும்?

---

பிரிக்பீல்ட்ஸ்_கணக்கர் | சனி, காலை 9.05

பேருந்து. ஒரே வார்த்தையில் சொன்னால் அதுதான்.

மாநில லீக்கில் எல்லா ஆட்டமும் நகரத்துக்குள். பையன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து, ஆடி, மாமாக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். தேசிய லீக் என்றால் ஒரு வாரம் கோத்தா பாரு, இன்னொரு வாரம் ஜொகூர். சபா, சரவாக் அணி இருந்தால் விமானம். இருபத்தைந்து பேர், இரண்டு இரவு தங்கல், ஆறு வேளை சாப்பாடு. அதைவிடப் பெரிய செலவு ஒன்று கணக்கில் வராது. வெள்ளிக்கிழமை மதியமே கிளம்ப வேண்டும் என்றால் பையன்களுக்கு வேலையில் லீவு கிடைக்காது. டெலிவரி ஓட்டுகிற பையனுக்கு வார இறுதிதான் சம்பாதிக்கிற நாள். போகிற இரண்டு நாளுக்கும் அவனுக்கு யாராவது காசு கொடுக்க வேண்டும். கொடுத்தால் அது சம்பளம். சம்பளம் என்றால் ஒப்பந்தம், சேமநிதி, எல்லாம் வரும்.

நான் முன்பு இருந்த கிளப் ஒன்று இதையெல்லாம் யோசிக்காமல் ஏறியது. முதல் நான்கு மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஸ்பான்சர் தருவதாகச் சொன்ன தொகையில் பாதிதான் வந்தது. பயிற்சியாளருக்குக் கொடுக்க முடியாமல் நான் அவர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். அடுத்த வருஷம் கிளப்பே இல்லை. உங்கள் குழு வேண்டாம் என்று முடிவெடுத்ததில் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வகையில் அவர்கள் கிளப்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

---

பிறை_நடுவர் | பினாங்கு | சனி, மதியம் 1.30

நான் பினாங்கில் மாநில அளவில் விசில் ஊதுகிறவன். பணம், பேருந்து எல்லாம் உண்மை. ஆனால் கீழ் லீக்கில் வேறொரு நோய் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. சீசன் ரொம்பச் சின்னது.

சில கீழ்ப் பிரிவுகள் இரண்டு, மூன்று மாதத்தில் முடிந்துவிடும். குழு பிரித்து ஒரு சுற்று, பிறகு நேராகக் கால் இறுதி. மீதி ஒன்பது மாதம் பையன்கள் எங்கே? ஞாயிற்றுக்கிழமை கிண்ணப் போட்டிகளில், பரிசுப் பணத்துக்காக வாரம் ஒரு ஜெர்சியில். அங்கே முழங்கால் போனால் கேட்க ஆளில்லை. போன வருஷம் கிழக்குக் கரைக்குப் போய் மழையில் ஆடி வந்த ஒரு நல்ல லெஃப்ட் பேக் இப்போது நடக்கச் சிரமப்படுகிறான். அவனை மூன்று வருஷமாக எனக்குத் தெரியும், ஒரு தடவைகூட எனக்கு முன்னால் குரல் உயர்த்தியதில்லை.

நடுவர்களுக்கு இந்த நாட்டில் ஏணி இருக்கிறது. தேர்வு எழுதுகிறோம், ஓடிக் காட்டுகிறோம், தேறினால் அடுத்த வகுப்பு. எந்த ஊர், எந்த ஸ்பான்சர் என்று யாரும் கேட்பதில்லை. அதே திடலில் என்னோடு ஓடுகிற கிளப்புக்கு மட்டும் அப்படி ஒரு வழி இல்லை என்பது எனக்கு எப்போதும் மனதை உறுத்துகிறது.

---

புக்கிட்_மெர்த்தாஜாம்_பழையவர் | பினாங்கு | சனி, இரவு 8.50

பிள்ளைகளே, நீங்கள் எல்லாரும் 2019-இலிருந்து பேசுகிறீர்கள். வேர் 1921-இல் இருக்கிறது.

எச்எம்எஸ் மலாயா என்ற போர்க்கப்பல் இங்கே வந்தபோது அதன் மாலுமிகள் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் மலாயாக் கிண்ணம் தொடங்கியது. அதுவே 1967-இல் மலேசியக் கிண்ணம் ஆனது. அதில் ஆடியது யார்? கிளப்புகள் இல்லை, மாநிலங்கள். பினாங்கு, பேரா, சிலாங்கூர், சிங்கப்பூர். பினாங்கு 1953, 54, 58, 74 என்று நான்கு முறை வென்றிருக்கிறது. ஜாலான் டத்தோ கிராமாட் நகர அரங்கில் கூட்டம் நிரம்பி வழிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் கிளப் முதலில் பிறந்தது, லீக் அப்புறம் வந்தது. இங்கே மாநிலம் முதலில் வந்தது. கிளப் என்பது மாநில அணிக்கு ஆள் அனுப்புகிற இடமாக இருந்தது. நான் ஆடிய காலத்தில் தோட்டத்து அணி, ரயில்வே அணி, மின்சார வாரிய அணி, வங்கி அணி எல்லாம் மாநிலச் சங்கத்தின் லீக்கில் மோதும். நன்றாக ஆடுகிறவனை மாநிலத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து ஒருவனைக் கூப்பிட்டார்கள் என்றால் அன்றைக்கு லயத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு அணைய நேரமாகும். அணி அதே இடத்தில்தான் இருக்கும். ஆட்டக்காரன் ஏறுவான். ஏணி ஆளுக்கு இருந்தது, கிளப்புக்கு இருந்ததில்லை.

அந்த ஏணியில் ஏறித்தான் நம்மவர்கள் தேசிய அணிக்குப் போனார்கள். 1972 மூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன், அதற்குப் பிறகு தேசிய அணியின் கோல் கம்பத்தில் நின்ற ஆர். ஆறுமுகம் எல்லாரும் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள்.

1989-இல் அரைத் தொழில்முறை லீக், 1994-இல் முழுத் தொழில்முறை, 2004-இல் சூப்பர் லீக் என்று மேல்மாடி மாறிக்கொண்டே போனது. அடித்தளம் மட்டும் அப்படியே இருந்தது. மாநிலச் சங்கமே மேல் அணியையும் வைத்திருந்தது, கீழ் லீக்கையும் நடத்தியது. தன்னுடைய லீக்கிலிருந்து ஒரு கிளப் வளர்ந்து தன் அணிக்கே போட்டியாக வருவதற்கு ஒரு சங்கம் எதற்காக உழைக்கும்? இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, அமைப்பு அப்படி.

---

ஜெலுத்தோங்_88 | சனி, இரவு 9.30

ஐயா, இதைப் படித்ததும்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. 2020-21-இல் மாநிலச் சங்கங்கள் தங்கள் தொழில்முறை அணிகளைத் தனி நிறுவனமாக்க வேண்டும் என்று எஃப்ஏஎம் கட்டாயப்படுத்தியதே, கோலாலம்பூர் அப்போதுதான் கோலாலம்பூர் சிட்டி எஃப்சி ஆனது. அது பெயர் மாற்றம் மட்டும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் நீங்கள் சொல்கிற அந்த முடிச்சை அவிழ்க்கிற முயற்சி அது. மேல் அணி கையை விட்டுப் போனால் சங்கத்துக்கு மிச்சமிருப்பது உள்ளூர் லீக்கும் இளைஞர் பயிற்சியும்தான். இனி அதில் முழுக் கவனம் போக வேண்டும்.

அந்த வருஷமே கோலாலம்பூர் சிட்டி 2021 மலேசியக் கிண்ண இறுதியில் ஜேடிடியை 2-0 என்று வென்றது. 1989-க்குப் பிறகு முதல் மலேசியக் கிண்ணம். செந்தூல் அண்ணனுக்குத் தெரியாமலா இருக்கும்.

---

செந்தூல்_11 | சனி, இரவு 9.44

புக்கிட் ஜாலிலில் இருந்தேன் தம்பி. முப்பத்திரண்டு வருஷம் காத்திருந்தேன்.

---

கெப்போங்_அம்மா | கோலாலம்பூர் | ஞாயிறு, காலை 6.40

இந்த இழையை முழுக்கப் படித்தேன். என் மகளுக்குப் பதினாறு வயது, மிட்ஃபீல்டர். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

பெண்களுக்கு துன் ஷரிபா ரொட்சியா கிண்ணம் இருக்கிறது, அது மாநிலத்துக்கு மாநிலம் மோதுவது. தேசிய அளவில் பெண்கள் லீக்கும் இருக்கிறது. ஆனால் அதற்கும் பள்ளி அணிக்கும் நடுவில் என் மகள் வாரா வாரம் ஆட எங்கள் பகுதியில் ஒரு லீக் இல்லை. ஐயா சொன்ன மாதிரி, ஆளைத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள், கூப்பிடாத மாதங்களில் அவள் ஃபுட்சால் கோர்ட்டில் ஆண் பிள்ளைகளோடு ஆடுகிறாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மேல்படி எங்கே என்று நீங்கள் தேடுகிறீர்கள். எங்களுக்குக் கீழ்ப்படியே கிடைக்கவில்லை.

---

பிறை_நடுவர் | ஞாயிறு, காலை 8.10

அக்கா, நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு கிளப் மாநில லீக்கில் பதிய வேண்டுமானால் பெண்கள் அணியோ வயதுக் குழு அணியோ கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தால் செலவு கொஞ்சம்தான். அதே திடல், அதே பந்து, ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கினால் போதும். நடுவருக்கு நாங்கள் இருக்கிறோம்.

---

ஜெலுத்தோங்_88 | ஞாயிறு, காலை 11.25

பேருந்துச் செலவு பற்றி ராத்திரி முழுக்க யோசித்தேன். வேறு நாடுகள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதைப் பார்த்தால் நமக்கு ஒரு வழி தெரிகிறது.

ஜப்பானில் தேசிய அளவிலான லீக்குகளுக்குக் கீழே 9 வட்டார லீக்குகள். ஹொக்கைடோ கிளப் ஹொக்கைடோவுக்குள்ளேயே ஆடும், கியூஷூ கிளப் கியூஷூவுக்குள். வருஷக் கடைசியில் வட்டார வெற்றியாளர்களைக் குழுவுக்கு ஓர் ஊர் என்று கூட்டி, மூன்று நாளில் மூன்று ஆட்டம் என்று குழுச் சுற்று வைப்பார்கள். அதில் தேறுகிறவர்களுக்கு இறுதிச் சுற்று, அப்புறம் ஜேஎஃப்எல், அதாவது தொழில்முறை லீக்குகளுக்கு அடுத்த தேசிய லீக். மூன்று நாள் தொடர்ந்து ஆடுவது உடம்புக்குக் கொடுமைதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பயணச் செலவு வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறையோடு முடிகிறது. திறமை இருந்தால் போதும் என்கிற வாசல் ஒன்று திறந்தே இருக்கிறது.

ஜெர்மனியில் நான்காம் நிலை 2012-இலிருந்து 5 வட்டாரங்கள். அங்கே 5 வெற்றியாளர்களுக்கு முதலில் 3 இடம்தான் இருந்தது, இப்போது 4. முதலிடம் வந்த அணி மேலே போகாமல் நிற்பது அங்கேயும் நடக்கிறது, அதற்காக ரசிகர்கள் வருஷக்கணக்காகக் குரல் கொடுக்கிறார்கள். செந்தூல் அண்ணனின் மருமகன் தனியாக இல்லை.

நமக்கு வடக்கு, மத்தி, தெற்கு, கிழக்குக் கரை, சபா, சரவாக் என்று ஆறு வட்டாரம் இயல்பாகவே இருக்கிறது. பினாங்கு கிளப் பெர்லிஸ், கெடா, பேராவுக்குப் போக வேன் போதும். காலையில் கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். மாநில லீக்குக்கும் தேசிய லீக்குக்கும் நடுவில் இப்படி ஒரு வட்டாரப் படி வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

---

பிரிக்பீல்ட்ஸ்_கணக்கர் | ஞாயிறு, மதியம் 12.15

வட்டாரப் படிக்கு என் ஓட்டு உண்டு. ஆனால் உரிமம், கோப்பு எல்லாம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2025-26 சீசன் தொடங்கும்போது கெடா, பேரா, ஸ்ரீ பகாங் மூன்றும் சூப்பர் லீக்கில் இல்லை. மலேசியக் கிண்ணத்தைக் கையில் ஏந்திய மாநிலங்கள். பட்டியலில் கடைசியாக வந்ததால் போகவில்லை, பணத்தால் போனார்கள். சம்பளம் வராமல் வீட்டு வாடகை கட்ட முடியாத ஆட்டக்காரர்களின் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். உரிமம் அவர்களைக் காக்கத்தான் வந்தது.

என் வாதம் இதுதான்: படிக்கு ஏற்ற கோப்பு கேளுங்கள். வட்டாரப் படிக்கு ஏறுகிற கிளப்பிடம் பதிவுச் சான்று, தணிக்கை செய்த ஒரு பக்கக் கணக்கு, முதலுதவி தெரிந்த ஒருவர், இவ்வளவு போதும்.

---

புக்கிட்_மெர்த்தாஜாம்_பழையவர் | ஞாயிறு, மாலை 5.00

நம் கண்முன்னே ஏறிய ஒரு கிளப்பை யாரும் சொல்லவில்லையே. மிஃபா. மலேசிய இந்தியர் காற்பந்து சங்கத்தின் அணி. எஃப்ஏஎம் லீக்கில் ஆடி, 2017-இல் பிரிமியர் லீக், 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக். மாநிலம் இல்லாத, தோட்டத்துப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் ஆடிய அணி ஜேடிடியோடு ஒரே லீக்கில் நின்றது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து கண் கலங்கினேன்.

2022-க்குப் பிறகு விலகிவிட்டார்கள். அதுவும் வருத்தம்தான். ஆனால் ஏற முடியும் என்று ஒரு முறை பார்த்துவிட்டோம். கூச்சிங்கும் 2019-இல் எம்3-இல் இருந்த அணிதான், இன்று சூப்பர் லீக்கில்.

---

ஜெலுத்தோங்_88 | ஞாயிறு, மாலை 5.35

ஐயா, அதோடு இன்னொன்று. ஏறாமல் இருப்பதும் தோல்வி இல்லை. ஜப்பானில் ஹமாமட்சு ஊரின் ஹோண்டா எஃப்சி ஒரு தொழிற்சாலை அணி. ஜேஎஃப்எல்லைப் பலமுறை வென்றும் தொழில்முறைக்குப் போவதில்லை. அந்த அணி 2019 பேரரசர் கிண்ணத்தில் தொழில்முறை அணியான உராவா ரெட்ஸைத் தோற்கடித்துக் கால் இறுதிக்குப் போனது. தானே யோசித்துக் கீழே இருப்பது வேறு, வழியில்லாமல் இருப்பது வேறு. மருமகனிடம் இதையும் சொல்லுங்கள் அண்ணா.

---

செந்தூல்_11 | புதன், இரவு 11.10

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை கிளப் குழுவைப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் எழுதியதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கணக்கர் கேட்ட கேள்வியை அப்படியே கேட்டேன். கோப்பு தயார் செய்ய ஆள் இல்லை என்பதுதான் உண்மை. கிளப் இன்னும் 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவே செய்யப்படவில்லை. இத்தனை வருஷம் ஒரு நண்பர் குழுவாகவே ஓடியிருக்கிறது. தலைவர் அதைச் சொல்லும்போது தலை குனிந்து சொன்னார். எனக்குக் கோபம் போய்விட்டது. இருபது வருஷமாகத் தன் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற மனிதர் அவர்.

முடிவு இப்படி: இந்த வருஷம் மேலே போவதில்லை. பதிவுக்கு விண்ணப்பம் எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கணக்குப் புத்தகம் தொடங்குவதற்குக் கணக்கர் தம்பி ஒரு சனிக்கிழமை வந்து சொல்லிக் கொடுத்தால் பெரிய உதவி. கெப்போங் அக்கா, மாலை ஏழு முதல் எட்டரை வரை திடல் காலியாக இருக்கிறது. பெண் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்தால் பயிற்சி தொடங்கத் தயார் என்று எங்கள் பயிற்சியாளர் சொல்லிவிட்டார். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அக்கா மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பதிவு செய்ய எத்தனை மாதம் ஆகும் மாமா?" என்றான்.

---

கெப்போங்_அம்மா | வியாழன், காலை 6.05

இப்போதைக்கு ஏழு பேர் தம்பி. இன்னும் மூன்று பேர் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறேன். திடல் விளக்கு அந்த நேரத்தில் எரியுமா?